தேர்வுக் காலத்தில் இடர் நேர்ந்தால் கல்லூரிக்கு உரிய சான்றுகளைத் திரட்டும் முறை

செமஸ்டர் தேர்வு நெருங்கும் வேளையில் வீட்டில் ஒருவர் நோயில் படுத்தாலோ, ஒரு சாவு நேர்ந்தாலோ, மாணவரே விபத்தில் சிக்கினாலோ, அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் வழிகள் பல்கலைக்கழக விதிமுறைகளில் இருக்கின்றன. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் பகுதிகளில் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் பலருக்கு அந்த வழிகள் தெரிவதில்லை. தெரிந்தவர்களிலும் பலர், அரியர் விழுந்த பிறகே சான்றுக்காக அலைகிறார்கள். இடர் நடந்துகொண்டிருக்கும்போதே அதற்கான தாள்களைச் சேர்த்துவிட வேண்டும் என்பதையே இங்கு நான் வலியுறுத்துகிறேன்.

முதலில், உங்களுக்குப் பொருந்தும் விதி எது என்று பாருங்கள். பாரதியார், பெரியார், அண்ணா பல்கலைக்கழகங்களின் சாதாரண இணைப்புக் கல்லூரியாக இருந்தால், செமஸ்டர் தேர்வு பற்றிய முடிவு பல்கலைக்கழகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் இருக்கும். தானே தேர்வு நடத்தும் தன்னாட்சிக் கல்லூரியாக இருந்தால் அந்த அலுவலர் கல்லூரிக்குள்ளேயே இருப்பார். உள்மதிப்பீட்டுத் தேர்வைத் தவறவிட்டதற்கு மறுதேர்வு கேட்பது பெரும்பாலும் துறைத் தலைவரோடு முடிந்துவிடும். அண்ணா பல்கலைக்கழக விதிமுறைப்படி வருகைப்பதிவு 75 விழுக்காடு வேண்டும். நெடுநாள் மருத்துவமனையில் தங்கியது, விபத்து, குறிப்பிட்ட நோய் போன்ற காரணங்களால் அது 65 வரை குறைந்திருந்தால், கல்லூரித் தலைவர் மேலொப்பமிட்ட மருத்துவச் சான்றிதழுடன் தேர்வெழுத அனுமதி பெறலாம். அதே விதிமுறையில், உடல்நலக் குறைவுக்காகவோ எதிர்பாராத குடும்பச் சூழலுக்காகவோ, படிப்புக் காலம் முழுவதிலும் ஏதேனும் ஒரு செமஸ்டரில் மட்டும் தேர்விலிருந்து விலகிக்கொள்ள அனுமதி கேட்கும் வசதியும் உண்டு. அதற்கு 10 நாள் முன்னறிவிப்பு தேவை என்றாலும், அசாதாரணமான நிலைமைகளில் அந்தக் காலக்கெடு தளர்த்தப்படலாம். இவ்வாறு விலகியது ஒரு முயற்சியாகக் கணக்கிடப்படுவதில்லை என்பதால், டிஸ்டிங்ஷன் எதிர்பார்க்கும் மாணவருக்கு இது பெரிய பாதுகாப்பு.

நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில், எழுதி முடித்த தாளின் மதிப்பெண்ணைப் பொதுவாக எந்த மருத்துவச் சான்றிதழும் உயர்த்தாது. காய்ச்சலோடு எழுதிவிட்டுப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று எண்ணாமல், எழுதுவதா விலகுவதா என்பதைத் தேர்வுக்கு முன்பே வகுப்பு ஆலோசகரோடு பேசி முடிவு செய்யுங்கள். கை முறிந்திருந்தால், நீங்கள் சொல்வதை எழுத ஒருவரை அமர்த்த அனுமதி கேட்கலாம். அந்த விண்ணப்பமும் தேர்வு நாளுக்கு முன்பே போய்ச் சேர வேண்டும்.

நீங்கள் கொடுக்கும் தாள்கள், என்ன நடந்தது, எந்தெந்த நாட்களில் நடந்தது, அது உங்கள் தேர்வை எவ்வாறு தடுத்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை சொல்ல வேண்டும். முதல் இரண்டுக்கும் எல்லோரும் சான்று கொடுத்துவிடுகிறார்கள், மூன்றாவதைத்தான் விட்டுவிடுகிறார்கள். சங்ககிரிப் பக்கம் ஒரு மாணவியின் தாயைப் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தாய்க்கு என்ன நோய், எந்தத் தேதியில் சேர்ந்தார், எப்போது வீடு திரும்பினார் என்பதை டிஸ்சார்ஜ் சம்மரி காட்டும். ஆனால் தாயோடு இரவும் பகலும் இருந்தது மகள்தான் என்பது அதில் இராது. உடனிருப்பவருக்கு மருத்துவமனை தரும் அனுமதிச்சீட்டு, லாரி ஓட்டுநரான தந்தை அந்த வாரம் வடக்கே லோடு கொண்டுபோயிருந்தார் என்று வண்டி உரிமையாளர் தரும் கடிதம், வீட்டில் வேறு பெரியவர் இல்லை என்பதைக் காட்டும் குடும்ப அட்டை நகல் ஆகியவற்றைச் சேர்த்தால்தான் அந்த மாணவி ஏன் தேர்வுக்கு வரவில்லை என்பது தெளிவாகும். அனுமதிச்சீட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வார்கள். அதற்கு முன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாணவரே நோயுற்றிருந்தால் மருத்துவச் சான்றிதழை வாங்கும்போதே சரிபாருங்கள். 2002ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழக ஒழுக்க விதிமுறைகளின்படி, மருத்துவர் தம் பதிவு எண்ணைச் சான்றிதழில் குறிப்பிட வேண்டும். நோயாளியின் கையொப்பம் அல்லது கைரேகை, முகவரி, ஓர் அங்க அடையாளம் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். சான்றிதழின் நகலை மருத்துவர் வைத்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் அலுவலகத்தில் கேள்வி எழும். ‘உடல்நலமில்லை, ஓய்வு தேவை’ என்ற ஒற்றை வரியைவிட, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, மூன்று மணி நேரம் அமர்ந்து எழுத இயலாத நிலை இருந்தது என்று மருத்துவர் எழுதித் தருவது பன்மடங்கு வலுவானது. ஓ.பி. சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, மருந்துக்கடை ரசீது ஆகியவற்றையும் சேர்த்து வையுங்கள். உள்நோயாளியாக இருந்திருந்தால், சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும் அதே விதிமுறைகளில் உள்ளது.

சிகிச்சை பெறாத நாட்களுக்குப் பின்தேதியிட்டுச் சான்றிதழ் வாங்கும் வழக்கம் நம் பகுதியில் இருக்கிறது. தெரிந்தவர்களே அதற்கு வழி சொல்வதும் உண்டு. அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். ஒரு பொய்ச் சான்றிதழைக் கண்டுபிடித்த அலுவலகம், அடுத்து வரும் உண்மையான பத்துப் பிள்ளைகளையும் சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கிவிடும். அகப்பட்ட மாணவர் மீது ஒழுங்கு நடவடிக்கையும் வரலாம்.

இறப்பு நேர்ந்த வீட்டில் யாரும் தாளைப் பற்றி நினைக்க மாட்டார்கள். ஆனாலும் 21 நாட்களுக்குள் இறப்பைப் பதிந்துவிடச் சொல்லுங்கள். இறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் பதிவு நடக்கும்; காங்கயத்துக்காரர் கோவை மருத்துவமனையில் இறந்தால் பதிவு கோவை மாநகராட்சியில் இருக்கும், ஊரில் தேடினால் கிடைக்காது. ஊராட்சிப் பகுதியில் வீட்டிலேயே இறந்தவருக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் பதிய வேண்டும். சான்றிதழ் கைக்கு வரும்வரை மருத்துவமனை தரும் இறப்பு அறிக்கையையோ மின்மயான ரசீதையோ கொடுத்து, அசல் பின்னர் வரும் என்று கடிதத்தில் குறிப்பிடுங்கள். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியின் படத்தைத் தனிச்சான்றாக எந்த அலுவலகமும் ஏற்காது.

உறவைக் காட்டுவது இதைவிடச் சிக்கலானது. இறப்புச் சான்றிதழில் ‘பழனிச்சாமி’ என்றும் உங்கள் மதிப்பெண் பட்டியலில் தந்தை பெயர் ‘பழனிசாமி’ என்றும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று காட்ட ஆதார் அட்டை நகலும் குடும்ப அட்டை நகலும் தேவைப்படும். அப்புச்சி, அமுச்சி எனப்படும் தாய்வழித் தாத்தா, பாட்டி வீட்டில் தங்கிப் படித்த பிள்ளைகளுக்கு இது இன்னும் கடினம். அவர்கள் பெயர் தந்தை வீட்டுக் குடும்ப அட்டையிலேயே இருக்கும். இறந்த தாய்வழித் தாத்தாவோடு உறவைக் காட்ட, தாயின் பள்ளிச் சான்றிதழில் உள்ள தந்தை பெயரும், தாய் பெயர் உள்ள உங்கள் பிறப்புச் சான்றிதழும் சேர்ந்தால் போதும். அவர்தான் உங்களை வளர்த்தார் என்பதையும் கடிதத்தில் எழுதுங்கள், ஏனெனில் தாத்தா பாட்டி இறப்பைச் சில அலுவலகங்கள் இலேசாக எடுத்துக்கொள்கின்றன.

சாலை விபத்தில் அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலான ஏ.ஆர். காப்பியும் முதல் தகவல் அறிக்கையும் முதன்மையானவை. புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். வழக்குப் பதியாத நிலையில், புகாரைப் பெற்றதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதையாவது கேட்டு வாங்குங்கள்.

மனநலச் சிக்கலைச் சொல்லத் தயங்கிப் பலர் பொய்யாக வயிற்றுவலி என்று எழுதுகிறார்கள். அது வேண்டாம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 நோயாளியின் இரகசியத்தைக் காக்கிறது. நோயின் பெயரை விரிக்காமல், சிகிச்சையில் இருக்கிறார், இந்த நாட்களில் தேர்வெழுதும் நிலையில் இல்லை என்று மட்டும் எழுதித் தருமாறு மருத்துவரைக் கேட்கலாம். அந்தக் கடிதத்தை மூடிய உறையில் முதல்வரிடமோ கல்லூரியின் மனநல ஆலோசகரிடமோ நேரில் கொடுங்கள். வகுப்புப் பிரதிநிதி வழியாக அனுப்ப வேண்டாம். இன்னும் மருத்துவரையே பார்க்கவில்லை என்றால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

தறி நின்றுபோய்க் கூலி இல்லாமை, பனியன் கம்பெனியில் இரவு ஷிப்டு பார்த்துக்கொண்டே படிப்பது, வீட்டுச் சண்டை போன்றவற்றுக்கு அரசுச் சான்றிதழ் என்று ஒன்று கிடைக்காது. உங்கள் நிலையை அப்போதே அறிந்த விடுதிக் காப்பாளர், வகுப்பு ஆலோசகர், வேலை கொடுத்தவர் ஆகியோரின் தேதியிட்ட கடிதங்களே இதற்குச் சான்று. அவை மருத்துவச் சான்றிதழ் அளவுக்கு எடுபடா. ஆகையால் தொல்லை தொடங்கிய வாரத்திலேயே ஆலோசகருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவையுங்கள். பின்னாளில் எழுதும் பத்துப் பக்க விளக்கத்தைவிட, தேதியோடு நிற்கும் அந்த நான்கு வரிகள் உதவும்.

விண்ணப்பக் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பதிவெண், தாளின் குறியீடு, தேர்வுத் தேதி, நடந்தது, நீங்கள் கேட்பது என்ன என்பவை இருந்தால் போதும். இணைப்புகளுக்கு எண்ணிட்டு, எந்த எண் எதைக் காட்டுகிறது என்று கடிதத்திலேயே சொல்லுங்கள். அசலைக் காட்டி நகலைக் கொடுங்கள். உங்களிடம் இருக்கும் பிரதியில் பெற்றுக்கொண்ட தேதியும் அலுவலக முத்திரையும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

மறுத்துவிட்டால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி கல்லூரியில் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அது 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. அதன் முடிவும் ஏற்புடையதாக இல்லையென்றால், அது கைக்கு வந்த 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அந்த மனுவோடு, முத்திரை வாங்கிய முதல் விண்ணப்பத்தின் பிரதி, அதன் எண்ணிட்ட இணைப்புகள், எழுத்தில் பெற்ற மறுப்பு ஆகிய மூன்றையும் அதே வரிசையில் இணைத்து அனுப்புங்கள்.