ஆயில் மாற்ற போல்ட்டா, வால்வா?

என் இன்னோவாவில் ஒருமுறை சம்ப்பின், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியின், மரை போய்விட்டது. ஆயில் வடிக்கும் போல்ட்டை யாரோ ஆத்திரத்தோடு முறுக்கியிருந்தார்கள். அதிலிருந்து ஆயில் மாற்றுவது நான்தான்.

அந்த போல்ட்டுக்குப் பதிலாக, லீவரைத் திருப்பினால் ஆயில் வடியும் வால்வும் மாட்டலாம். அதை வாங்குமுன் மரை அளவைப் பாருங்கள். டொயோட்டாவில் பெரும்பாலும் 12 மி.மீ. விட்டம், 1.25 மரை (மரைகளுக்கு இடையே 1.25 மி.மீ.). 1.5 மரையைத் திணித்தால் சம்ப் மரை பாழ். அப்புறம் வண்டிக்கடியில் படுத்து, வால்வு சம்ப்புக்குக் கீழே நீட்டுமா என்று பாருங்கள். நம் ஊர் வேகத்தடைகள் தெரியுமே! லீவர் தானாகத் திறக்காதபடி பூட்டுக் கிளிப் அவசியம். குழாய் மாட்டும் மூக்கு இருந்தால் கையெல்லாம் ஆயில் வழியாது. ஒரு குறை: துளை சிறியது, சூடான ஆயிலும் நிதானமாகத்தான் வடியும், அடியில் கொஞ்சம் தங்கும்.

பொறுமை இல்லையா? சரி, காந்தம் வைத்த போல்ட் போதும். இரும்புத் தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு முறையும் புது வாஷர் போடுங்கள்.