வீட்டுக்கும் தொழிலுக்கும் சரியான ஏணி: வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

தீபாவளி நெருங்கும்போதுதான் பல வீடுகளில் ஏணியின் நினைவு வருகிறது. மின்விசிறி இறக்கையில் தூசி படிந்திருக்கும், வாசலில் விளக்குச் சரம் கட்ட வேண்டும், சாமி மேடைக்கு மேலே ஒட்டடை தொங்கும். ஏணி இல்லாத வீட்டில் மேசைமேல் பிளாஸ்டிக் நாற்காலி ஏறுகிறது, அதன்மேல் அம்மா ஏறுகிறார். நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. வயதானவர்களுக்கு இடுப்பெலும்பு முறிந்தால் பழையபடி நடமாடப் பல மாதங்கள் ஆகும். அதனால்தான் இந்த விளக்கத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கோலாலம்பூரின் செந்தூல் அடுக்குமாடியில் இருப்பவருக்கும், பினாங்கின் ஜெலுத்தோங்கில் வயரிங் தொழில் பழகும் தம்பிக்கும் இது உதவ வேண்டும்.

1. பாதம் நிற்க வேண்டிய உயரத்தைக் கணக்கிடுங்கள்

ஹார்ட்வேர் கடைக்குப் போவதற்கு முன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். ஏணியின் உயரத்தை அப்புறம் பார்க்கலாம். வேலை நடக்கும் இடம் தரையிலிருந்து எத்தனை அடி என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தரை அடி உயரமுள்ளவர் தரையில் நின்று கையை உயர்த்தினால் விரல்நுனி ஏறத்தாழ 7 அடியைத் தொடும். ஆனால் ஸ்குரூ முடுக்கவும் துணியால் துடைக்கவும் முழங்கை கொஞ்சம் மடங்க வேண்டும். ஆகவே கைக்கு எட்டும் உயரம் 6 அடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். சீலிங் 10 அடி என்றால் பாதம் 4 அடியில் நிற்க வேண்டும். மடக்கு ஏணியின் உச்சித் தட்டிலும் அதற்கு அடுத்த படியிலும் நிற்கக் கூடாது. படிகள் ஓரடி இடைவெளியில் இருந்தால் 6 அடி ஏணி சரியாக வரும். சுருக்கமாகச் சொன்னால், வேலை உயரத்தில் 4 அடியைக் கழித்தால் ஏணியின் அளவு. ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடு ஒன்றில் சீலிங் 14 அடி இருந்தால் 10 அடி ஏணி தேவை. குள்ளமானவர்கள் இன்னும் ஓரடி கூட்டிக்கொள்ளட்டும்.

கடைகளில் பெரும்பாலும் ‘5 படி’, ‘6 படி’ என்று படிக்கணக்கில்தான் விற்கிறார்கள். சிலர் உச்சித் தட்டையும் சேர்த்து எண்ணுவார்கள். படிகளின் இடைவெளியும் எல்லா ஏணியிலும் ஒன்றாக இருப்பதில்லை. நீங்கள் நிற்கப்போகும் படிக்கும் தரைக்கும் இடையே நாடாவை வைத்து அளந்து பாருங்கள், அந்த எண்ணைத்தான் நம்ப வேண்டும்.

2. வேலைக்கு ஏற்ற வகையைத் தேர்ந்தெடுங்கள்

வீட்டுக்குள் செய்யும் வேலைகளுக்கு மடக்கு ஏணி போதும். நாம் வீட்டுக்குள் செருப்பு அணிவதில்லை. வெறுங்காலில் உருட்டுக் கம்பிபோல் இருக்கும் படியில் பத்து நிமிடம் நின்றாலே உள்ளங்கால் வலிக்கும், வலித்தால் காலை மாற்றி மாற்றி வைப்போம், அப்போதுதான் தடுமாற்றம் வரும். தட்டையான, அகலமான, வரிகள் பதித்த படி உள்ளதையே வாங்குங்கள். பெரியவர்கள் பயன்படுத்துவதாக இருந்தால், மேலே நிற்க மேடையும் இடுப்பளவுக்குக் கைப்பிடியும் உள்ள ஏணிக்குக் கூடுதலாகச் செலவழிக்கலாம்.

தண்ணீர்த் தொட்டி விஷயத்தைத் தனியே சொல்ல வேண்டும். தரை வீடுகளில் தொட்டி பெரும்பாலும் சீலிங்குக்கு மேலே இருக்கிறது. மிதவை வால்வு பழுதானால் சீலிங்கில் உள்ள சதுரத் திறப்பு வழியாக ஏற வேண்டும். பலர் மடக்கு ஏணியின் உச்சித் தட்டில் நின்று, விளிம்பைப் பிடித்து உடம்பை மேலே இழுக்கிறார்கள். அந்த உந்தலில் ஏணி பக்கவாட்டில் நகர்கிறது. எப்படியோ மேலே போய்விடலாம், இறங்கும்போது பார்வைக்குப் படாத உச்சித் தட்டைக் கால் துழாவும். மடக்கு ஏணி அதன்மேல் நின்று வேலை செய்வதற்காகச் செய்யப்பட்டது, அதிலிருந்து வேறோர் இடத்துக்குக் கால் மாற்றுவதற்கு அல்ல. இதற்குச் சாய்வு ஏணியே வேண்டும். திறப்பின் சட்டத்தில் சாய்த்துக் கயிற்றால் கட்டுங்கள். ஏணியின் முனை திறப்புக்கு மேல் 3 அடி நீண்டிருந்தால் ஏறவும் இறங்கவும் கைப்பிடி கிடைக்கும்.

இரட்டை மாடி வீட்டின் கூரையோரத்துக்கு நீட்டு ஏணி. இதில் அளவு ஏமாற்றும். 24 அடி என்று விற்கப்படுவது இரண்டு 12 அடித் துண்டுகள். நீட்டும்போது ஒன்றன்மேல் ஒன்று சுமார் 3 அடி படிந்திருக்க வேண்டும், ஆக உண்மையில் கிடைப்பது 21 அடிதான். அதை 20 அடி உயரத்தில் சாய்த்தால் பிடித்துக்கொள்ள மேலே ஒன்றும் மிஞ்சாது. 28 அடி ஏணி வாங்க வேண்டிவரும். வருடத்துக்கு ஓரிரு முறை இலை அள்ளுவதற்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. புதிதாக ஏணி ஏறுபவர்கள் அந்த வேலையைப் பழகிய ஆளிடம் விட்டுவிடுங்கள்.

இடவசதி குறைந்த அடுக்குமாடிக்கு, ஒன்றுக்குள் ஒன்று சுருங்கும் டெலஸ்கோபிக் ஏணி வசதிதான். ஒவ்வொரு படியின் பூட்டும் விழுந்துவிட்டதா என்று ஏறுவதற்கு முன் பார்க்க வேண்டும், மடக்கும்போது விரல் நசுங்காமல் காக்க வேண்டும்.

3. மின்சாரம் இருக்கும் இடத்தில் அலுமினியம் கூடாது

அலுமினிய ஏணி இலேசானது, துருப்பிடிக்காது, விலையும் தாங்கும். ஆனால் அது மின்சாரத்தைக் கடத்தும். நம் வீடுகளில் ஓடுவது 230 வோல்ட், உயிரை எடுக்க அது போதும். மின் வேலை செய்பவர்கள் ஃபைபர்கிளாஸ் (கண்ணாடி நார்) ஏணியைத்தான் வாங்க வேண்டும். கனமும் விலையும் கூடுதல் என்று தயங்காதீர்கள். அதிலும் படிகள் பெரும்பாலும் அலுமினியமாகவே இருக்கும், பக்கச் சட்டங்கள்தான் ஃபைபர்கிளாஸ். ஈரமோ சேறோ படிந்தால் அந்தப் பாதுகாப்பும் குறையும். வெயிலிலேயே கிடந்தால் மேற்பூச்சு தேய்ந்து நார் வெளியே தெரியும், அந்த நிலைக்கு வந்ததை ஒதுக்கிவிடுங்கள்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் மேல்கம்பியில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். தொழில் பழகும் தம்பிகளுக்கு இன்னொன்று: வேலை கொடுப்பவர் பாதுகாப்பான கருவிகளை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று மலேசியாவின் 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் சொல்கிறது. தகுந்த ஏணியைக் கேட்பது உங்கள் உரிமை.

பழைய மர ஏணி வீட்டில் இருந்தால் கரையான் அரித்திருக்கிறதா என்று ஆணியால் குத்திப் பாருங்கள். மர ஏணிக்குச் சாயம் பூசக் கூடாது. விரிசல் சாயத்துக்குள் மறைந்துவிடும்.

4. பாரத்தைப் பாருங்கள்

லேபிளில் உள்ள கிலோ கணக்கு ஆளுக்கு மட்டுமல்ல, அவர் உடுத்தியது, சுமந்தது எல்லாவற்றுக்கும் சேர்த்து. 85 கிலோ ஆள், 10 கிலோ கருவிப் பை, 5 லிட்டர் பெயிண்ட் டின் எல்லாம் சேர்ந்தால் 100 கிலோவைத் தாண்டிவிடும். ஐரோப்பியத் தரமான ‘இஎன் 131’, 2018 முதல் வீட்டு ஏணி, தொழில் ஏணி இரண்டுக்குமே 150 கிலோ என்று வைத்திருக்கிறது. அந்தக் குறி உள்ளதைத் தேடுங்கள். தினமும் ஏறி இறங்குபவர்கள் தொழிலுக்கான பிரிவையே எடுக்க வேண்டும், அதை இன்னும் கடுமையான சோதனைகளுக்கு உட்படுத்துகிறார்கள்.

5. தரையையும் சாய்வையும் சோதியுங்கள்

கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதை மழைநீர் வடிய கால்வாய்ப் பக்கம் சரிந்திருக்கும். ஒரு காலுக்கு அடியில் செங்கல்லோ அட்டையோ வைத்துச் சமப்படுத்தக் கூடாது. அப்படிப்பட்ட இடத்தில் அடிக்கடி வேலை இருந்தால், கால்களைத் தனித்தனியே நீட்டிப் பூட்டக்கூடிய ஏணி வாங்குங்கள்.

சாய்வு ஏணிக்கு நாலுக்கு ஒன்று என்பது கணக்கு. சுவரில் 12 அடி உயரத்தில் சாய்கிறது என்றால் அடிப்பகுதி சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருக்க வேண்டும். கையோடு சரிபார்க்கவும் வழி உண்டு. ஏணியின் அடியில் உங்கள் கால் கட்டைவிரல் படும்படி நிமிர்ந்து நின்று, கைகளைத் தோள் உயரத்தில் நேராக நீட்டுங்கள். உள்ளங்கை படியைத் தொட்டால் சாய்வு சரி. ஏணியைக் கூரையோரத்து மழைநீர்த் தகரத்தின்மேல் சாய்க்காதீர்கள், சுவரில் சாய்த்து வையுங்கள்.

6. கடையில் ஏறிப் பாருங்கள்

ஏணியை முழுவதும் விரித்து, நடுக்கம்பியைப் பூட்டி, இரண்டாவது படியில் நின்று இடுப்பை மெல்லத் திருப்புங்கள். சட்டம் முறுக்கிக்கொண்டால் வேறு ஏணியைக் கேளுங்கள். ரிவெட்டுகள் ஆடுகின்றனவா என்று விரலால் அசைத்துப் பாருங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் மடித்த நீளத்தை அளந்து லிப்டுக்குள் நுழையுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஏணியில் முதலில் தேய்வது கால் ரப்பர்தான், அது தனியாகக் கிடைக்குமா என்பதையும் பணம் கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள்.