குளக்கரை உடையாமல் காக்க

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டிய மழையில் (காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ.) தாமிரபரணியோடு குளங்களும் உடைத்துக்கொண்டு ஊருக்குள் பாய்ந்தன. ஒரு குளத்தின் மறுகால் (குளம் நிறைந்ததும் மிச்ச நீர் வழியும் இடம்) அடுத்த குளத்தில் விழும் ஊர்களில், மேல்குளம் போனால் கீழ்க்குளம் தாங்குவது கஷ்டம்.

உடைப்பை அடைக்கும்போது, செங்குத்தாக நிற்கும் இரு ஓரங்களையும் படிப்படியாக வெட்டிச் சரித்துவிடுங்கள். அடியில் கிடக்கும் சேற்றையும் மணலையும் கெட்டித் தரை தெரியும்வரை வாருங்கள். இதைச் செய்யாவிட்டால் புது மண் பழைய கரையோடு ஒட்டாது. அடுத்த மழையில் அந்த இடுக்கில்தான் தண்ணீர் புகும். களி கலந்த மண்ணை அரையடி பரப்பி, நீர் தெளித்து, ரோலர் ஓட்டி, பிறகே அடுத்த அரையடி. கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், நீர் கசியக் கூடாது, அதுதான் பதம். வெறும் மணலைக் கொட்டி மட்டம் தட்டியதைக் கரை என்று ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சீமைக்கருவேலத்தைத் தூரோடு எடுங்கள். தூரை விட்டால் வேர் மட்கி, கரைக்குள் குழாய்போல் துளை விழும். எலி வளை, நண்டு வளைகளைத் தோண்டிக் களிமண் திணியுங்கள்.

கூடுதலாகத் தண்ணீர் தேக்க மறுகால்மேல் மூட்டை அடுக்குவதை ஊர்க்கூட்டத்திலேயே தடுத்தாக வேண்டும். வழியவேண்டிய நீர் வழியாவிட்டால் கரைமேல் ஏறும். மண்கரை மேல் நீர் வழிந்தால் உடைய அதிக நேரம் ஆகாது.

கரையை உயர்த்த அடுக்கும் மணல் மூட்டையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். முட்ட நிரப்பினால் உருளும், சந்து விடும். செங்கல் அடுக்குவதுபோல் மாற்றி மாற்றி வைத்து, வரிசைக்கு வரிசை மிதித்து இறுக்குங்கள். இரண்டடி உயரத்துக்கு அடியகலம் ஆறடி வேண்டும்.

வெள்ள நேரத்தில் கரையின் வெளிச்சரிவு அடியில் ஊற்றுக் கிளம்புகிறதா பாருங்கள். தெளிந்த நீர் வந்தால் குச்சி நட்டுக் கவனியுங்கள். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது. ஊற்றின் வாயை அடைக்காதீர்கள், அடைத்தால் பக்கத்தில் பிய்த்துக்கொள்ளும். சற்றுத் தள்ளி மூட்டைகளை வளையமாக அடுக்குங்கள். உள்ளே நீர் ஏற ஏற ஊற்றின் வேகம் தணியும். தெளிவாக வரத் தொடங்கும் உயரத்தில் நிறுத்தி, ஒரு பக்கம் வழிய விடுங்கள். தணியாவிட்டால் ஆட்களைக் கரையிலிருந்து இறக்கி, மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குச் சொல்லுங்கள்.

இரவுக் காவலுக்கு இரண்டிரண்டு பேராகப் போங்கள். மறுகால் பாயத் தொடங்கியதும் முதல் போன் கீழ்க்குளத்து ஊருக்கு.