முதல் நாணயம்: ‘ஆபரேஷன் ஸ்டெல்த்’ விளையாடத் தொடங்குபவர்களுக்கு

பிரான்சின் டெல்ஃபின் சாப்ட்வேர் நிறுவனம் 1990-இல் வெளியிட்ட ‘ஆபரேஷன் ஸ்டெல்த்’ கணினி விளையாட்டை நான் நான்கு முறை முடித்திருக்கிறேன். திருடுபோன ஸ்டெல்த் (ரேடாரில் எளிதில் சிக்காத) போர் விமானத்தைத் தேடி, சாண்டா பராகுவா என்ற கற்பனை நாட்டுக்குள் நுழையும் உளவாளியின் கதை அது. நான் சொல்லி வாங்கிய நண்பர்களில் பாதிப் பேர் விமான நிலையத்தைத் தாண்டவில்லை. அது எனக்கு உண்மையாகவே வருத்தம். கொஞ்சம் பொறுத்திருந்தால் அவர்களும் இந்த விளையாட்டை நேசித்திருப்பார்கள்.

இன்றைய கணினியில் ஓட்டுவதற்கு ஸ்கம்விஎம் என்ற இலவச மென்பொருள் போதும். அசல் விளையாட்டின் கோப்புகளை ஒரு கோப்புறையில் போட்டு, அந்தக் கோப்புறையை ஸ்கம்விஎம்மில் சேர்த்தால் அதுவே அடையாளம் கண்டுகொள்ளும். அமைப்புகளில் திரை விகிதத்தைச் சரிசெய்யும் தேர்வை மறக்காமல் இயக்குங்கள். 320×200 புள்ளிகளில் வரைந்த படங்கள் அந்தக் காலத்து மானிட்டரில் உயரவாக்கில் சற்று நீண்டு தெரிந்தன. இந்தத் தேர்வு இல்லாவிட்டால் மனிதர்கள் எல்லோரும் குட்டையாக, நசுங்கித் தெரிவார்கள். அமெரிக்காவில் இதே விளையாட்டு ஜேம்ஸ் பாண்ட் பெயரில் விற்கப்பட்டது. மற்ற பதிப்பில் நாயகன் ஜான் கிளேம்ஸ். எது கிடைத்தாலும் விளையாடலாம்.

மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் ஆறு கட்டளைகள் வரும்: ஆராய், எடு, கைப்பொருள்கள், பயன்படுத்து, இயக்கு, பேசு. புதியவர்கள் தடுமாறுவது ‘பயன்படுத்து’, ‘இயக்கு’ இரண்டுக்கும் இடையில்தான். கையில் உள்ள ஒரு பொருளை வேறொன்றின் மேல் வைப்பது ‘பயன்படுத்து’. கதவு, பெட்டி, இயந்திரம் போன்றவற்றை அப்படியே திறப்பதும் தட்டுவதும் ‘இயக்கு’. இந்த வேறுபாடு பிடிபடாமல், சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு மாலை முழுவதையும் நான் இழந்திருக்கிறேன்.

இந்த விளையாட்டின் புதிர்களில் ஒன்றை மட்டும் உடைத்துச் சொல்கிறேன். விமான நிலையத்தில் செய்தித்தாள் விற்கும் இயந்திரம் ஒன்று நிற்கிறது. உங்களிடம் சில்லறை இல்லை. இயந்திரத்தை மொத்தமாகப் பார்த்துவிட்டு நகராமல், காசு திரும்பி விழும் குழியைத் தனியாக ஆராயுங்கள்; யாரோ விட்டுப்போன நாணயம் அங்கே கிடக்கும். அதைத் துளையில் போட்டுச் செய்தித்தாளை வாங்கி, அதையும் ஆராயுங்கள். எந்த நாட்டவர் விசா இல்லாமல் உள்ளே வரலாம் என்ற செய்தி அதில் இருக்கிறது. பிறகு கழிப்பறைக்குள் ஒதுங்கி, உளவாளியின் கைப்பெட்டியைத் திறந்து, அந்த நாட்டின் பாஸ்போர்ட்டைத் தயாரித்துக்கொள்ள வேண்டும்.

இதில் எந்தப் படியும் தற்செயலாக வைக்கப்பட்டதல்ல. அந்நிய மண்ணில் இறங்கிய உளவாளி என்ன செய்வான்? நாளிதழைப் படிப்பான், மறைவிடம் தேடுவான், பிறகுதான் காவலரின் முன்னால் போய் நிற்பான். அந்த வரிசையில் யோசிக்கப் பழகிவிட்டால் மீதிப் புதிர்களில் பெரும்பாலானவை தாமாகவே நெகிழ்ந்து கொடுக்கும். ஒவ்வொரு திரையிலும் தரை, சுவர், மேசைமேல் கிடக்கும் சிறு புள்ளி வரை மெதுவாக ஆராயுங்கள். சில பொருள்கள் கடுகளவுதான் இருக்கும்.

சேமிப்பதைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன்: பழைய சேமிப்பின் மேல் புதியதை எழுதாதீர்கள். ஓரிடத்தில் எடுக்க வேண்டியதை எடுக்காமல் கிளம்பிவிட்டால், பிறகு திரும்பிப் போக வழியில்லாத கட்டங்கள் இதில் உண்டு. முதல் முறை நான் ஒரே சேமிப்பை வைத்துக்கொண்டிருந்தேன்; பாதிக் கதையில் வழி அடைபட்டு, மறுபடி விமான நிலையத்திலிருந்து தொடங்கினேன். இப்போது கண்ட்ரோல் விசையோடு எஃப்5 அழுத்தி, ஒவ்வொரு புதிய இடத்துக்குள் நுழைந்ததும் தனிப் பெயரில் சேமிக்கிறேன்: ‘கழிப்பறைக்கு முன்’, ‘அரண்மனைக்கு முன்’ என்று.

அரண்மனையில் மேலிருந்து பார்க்கும் சிக்குவழிகள் (புதிர்ப்பாதைகள்) வரும். காவலர்களின் கண்ணில் படாமல் ஓட வேண்டும். உளவாளியின் மூளைக்கு அங்கே வேலையில்லை, விரல்களுக்குத்தான் வேலை. என் பார்வையில் விளையாட்டின் பலவீனமான பகுதி இதுதான். முதல் இரண்டு முயற்சிகளில் தப்பிக்க நினைக்காமல், காவலர்கள் நடக்கும் பாதையை மட்டும் கவனித்துத் தாளில் கோடு போடுங்கள். மூன்றாவது முயற்சியில் ஓடுங்கள்.

எங்கேயாவது சிக்கிக்கொண்டால் விடைத்தாளைத் தேடுவதற்கு முன், இதுவரை ஒருமுறைகூடப் பயன்படாத கைப்பொருள்களை எழுதிப் பாருங்கள். ஒவ்வொன்றையும் மறுபடி ஆராயுங்கள். அப்படியும் நகரவில்லையென்றால் கணினியை அணைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். எனக்கு இரண்டு புதிர்கள் காலையில் பல் துலக்கும்போதுதான் அவிழ்ந்தன.