கனடா பிஆர்: ரெஃபரன்ஸ் லெட்டர் சிக்கல நான் சரி பண்ண கதை

கனடால நிரந்தரமா குடியிருக்குற அனுமதிதான் பிஆர். அதுக்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரி திட்டத்துல அப்ளை பண்ணச் சொல்லி இன்விடேஷன் வந்த சந்தோஷம் எனக்கு ரெண்டு நாள் கூட நிக்கல. அப்ளிகேஷன முழுசா சப்மிட் பண்ண 60 நாள்தான் டைம், அதுக்குள்ள வேலை அனுபவத்துக்கு ஆதாரமா பழைய கம்பெனில ரெஃபரன்ஸ் லெட்டர் கேட்டா சேர்ந்த தேதி, விலகின தேதி, டெசிக்னேஷன் மட்டும் போட்டு நாலு வரில குடுத்துட்டாங்க. கனடாவுக்கு அது பத்தாது, என்னென்ன வேலை செஞ்சோம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருஷ சம்பளம் எவ்வளவுன்னு எல்லாமே லெட்டர்ஹெட்ல கையெழுத்தோட இருக்கணும். எச்ஆர்ட்ட மூணு தடவ கேட்டும் எங்க பாலிசில இல்லன்னுட்டாங்க, நிஜமாவே தூக்கம் போச்சு.

அப்புறம் அங்க எனக்கு மேனேஜரா இருந்தவர்ட்ட பேசுனேன். அவர் என் வேலைய விவரமா எழுதி நோட்டரி முன்னாடி கையெழுத்து போட்டுக் குடுத்தார் (அந்த உதவிய மறக்கவே மாட்டேன்). அதோட அவர் அங்க வேலை பாத்ததுக்கு ஆதாரம், என்னோட ஆஃபர் லெட்டர், பே ஸ்லிப், சம்பளம் ஏறின பேங்க் ஸ்டேட்மென்ட், எச்ஆர் குடுத்த சின்ன லெட்டர், அவங்க மறுத்த ஈமெயில், ஏன் முழு லெட்டர் இல்லன்னு நானே எழுதின விளக்கம் எல்லாத்தையும் ஒரே பிடிஎஃப்பா சேத்து அப்லோட் பண்ணேன். அத ஏத்துக்கிட்டாங்க, பிஆர் வந்துடுச்சு.

ஒண்ணு மட்டும் கவனமா இருங்க, கனடாவோட என்ஓசி வேலைப் பட்டியல்ல இருக்குற வரிய அப்படியே காப்பி பண்ணாதீங்க, சந்தேகப்படுவாங்க, நீங்க நிஜமா செஞ்சதத்தான் எழுதச் சொல்லணும். இன்விடேஷன் வரட்டும்னு என்ன மாதிரி உக்காந்துடாதீங்க, ப்ரொஃபைல் போடும்போதே லெட்டர் கேக்க ஆரம்பிச்சிடுங்க.