சுரங்கம் மூடப்பட்ட பின்னும் மருத்துவமனை இயங்க: கூட்டு ஒப்பந்தம் எழுதும் சுகாதார அலுவலர்களுக்கு

தொலைதூரச் சுரங்கப் பகுதியில் மருத்துவ வசதியை மேம்படுத்த அரசும் சுரங்க நிறுவனமும் சேர்ந்து அமரும்போது, பேச்சு பெரும்பாலும் கட்டடத்திலும் ஆம்புலன்சிலும் தொடங்கிவிடுகிறது. சுரங்கம் மூடப்படும் நாளிலிருந்து அது தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தாது தீர்ந்தாலோ சந்தையில் அதன் விலை சரிந்தாலோ நிறுவனம் வெளியேறிவிடும். ஊர் அங்கேயே இருக்கும். பாறையை உடைக்கும்போது எழும் சிலிக்கா தூசியைப் பல ஆண்டுகள் சுவாசித்த தொழிலாளியின் நுரையீரலில் சிலிக்கோசிஸ் நோய் வேலையை விட்ட பிறகும் முற்றிக்கொண்டே போகும். ஆகவே ஒப்பந்தத்தின் கடைசிப் பகுதியை முதலில் எழுதுங்கள்: ஊழியர் சம்பளம், கருவிகள், மருந்து இருப்பு, நோயாளிகளின் பதிவேடுகள் ஆகிய ஒவ்வொன்றும் எந்த ஆண்டில், யாரிடம், எந்த நிலையில் ஒப்படைக்கப்படும் என்பதை அதில் குறிப்பிடுங்கள்.

அடுத்தது, யாருக்காக இந்தச் சேவை என்ற கேள்வி. நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர், அவர்களின் குடும்பங்கள், சுரங்கம் வருவதற்கு முன்பே அங்கு வாழ்ந்த கிராமத்தார், பிழைப்புத் தேடி வந்தவர்கள், உரிமம் இல்லாமல் சிறு அளவில் தோண்டுபவர்கள் என எல்லாரையும் கணக்கெடுக்க வேண்டும். இந்தக் கணக்கெடுப்பை நிறுவனத்திடம் மட்டும் விடக் கூடாது. வேலியோடு நின்றுவிடும் மருத்துவம் தொழிலாளியையும் காப்பாற்றாது. கானாவின் ஒபுவாசி தங்கச் சுரங்கத்தை நடத்திய ஆங்கிலோகோல்டு அஷாந்தி நிறுவனம், 2006 வாக்கில் மலேரியாவைக் கட்டுப்படுத்த முனைந்தபோது, தன் குடியிருப்புகளோடு நில்லாமல் நகரத்து வீடுகளின் உட்சுவர்களிலும் கொசுக்கொல்லி தெளித்தது. ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் மலேரியா நோயாளிகளின் எண்ணிக்கை பெருமளவு குறைந்தது. பின்னர் எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஒழிப்புக்கான உலக நிதியத்தின் உதவியோடு அந்தப் பணி கானாவின் வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது.

நோயின் வேர் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் சிகிச்சை மையம் திறப்பதால் பயனில்லை என்பதை நைஜீரியாவின் சம்ஃபாரா மாநிலம் 2010-இல் காட்டியது. ஈயம் கலந்த தங்கத் தாதுவை வீட்டு முற்றங்களிலேயே அரைத்ததால் அங்கு 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். நஞ்சை முறிக்கும் மருந்து கிடைத்தும், குணமான குழந்தை அதே மண்ணுக்குத் திரும்பினால் ஈயம் மீண்டும் உடலில் ஏறிவிடும். அதனால் முற்றங்களின் மேல்மண்ணை அகற்றிய பிறகே அந்தந்தக் கிராமத்துக் குழந்தைகளுக்குச் சிகிச்சை தொடங்கப்பட்டது. உங்கள் ஒப்பந்தத்திலும் சுகாதாரத் துறையோடு சுற்றுச்சூழல் துறையும் சுரங்கத் துறையும் கையெழுத்திட வேண்டும்.

நிறுவனத்திடம் எதைக் கேட்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மருத்துவரை நியமிப்பதில் நிறுவனத்துக்குத் தனித் திறமை எதுவும் இல்லை. அரசைவிட அதனிடம் நன்றாக இருப்பவை சாலை, மின்சாரம், குடிநீர்ச் சுத்திகரிப்பு, தகவல் தொடர்பு, சரக்குப் போக்குவரத்து ஆகியவையே. தடுப்பூசிகளுள் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் காக்க வேண்டிய இடத்தில், தடையில்லா மின்இணைப்பு ஒன்று புதுக் கட்டடத்தைவிட அதிக உயிர்களைக் காக்கும். பேறுகாலச் சிக்கலோடு தவிக்கும் பெண்ணை இரவில் நகர மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல நிறுவனத்தின் வாகனமும் ஓட்டுநரும் எத்தனை நிமிடங்களுக்குள் புறப்பட வேண்டும் என்பதைக்கூட எழுத்தில் வையுங்கள். செவிலியர்களுக்கு நிறுவனம் தன் சம்பள விகிதத்தில் ஊதியம் தந்தால் பக்கத்து அரசு நிலையங்கள் காலியாகிவிடும். சம்பளத்தை அரசும், அதன்மேல் தொலைதூரப் பணிக்கான படியை நிறுவனமும் தருவதே நல்ல ஏற்பாடு.

தூசியை அடக்க நீர் தெளிப்பது, காற்றோட்டம் அமைப்பது, முகக்கவசம் தருவது ஆகியவற்றை நிறுவனத்தின் பங்களிப்பாக ஏற்காதீர்கள். அவை முதலாளியின் கடமை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1995-ஆம் ஆண்டின் 176-ஆம் உடன்படிக்கை சுரங்கப் பாதுகாப்பைப் பற்றி அவ்வாறே சொல்கிறது.

பணத்தில் எச்சரிக்கை வேண்டும். சுரங்கத்தோடு தொடர்பில்லாத ஒப்பந்தம் என்றாலும், லெசோத்தோவின் தலைநகரில் 2011-இல் அரசு-தனியார் கூட்டாண்மை முறையில் திறக்கப்பட்ட பெரிய மருத்துவமனை நல்ல பாடம்: அதன் செலவு சுகாதார நிதியில் பெரும்பங்கை விழுங்கி நீண்ட சர்ச்சையானது, 2021-இல் ஒப்பந்தம் முறிந்தது. அரசு ஆண்டுதோறும் தர வேண்டிய தொகைக்கு உச்சவரம்பு வையுங்கள். நிறுவனத்தின் நிதி, இரு தரப்பும் தனித்து எடுக்க முடியாத கணக்கில் முன்கூட்டியே செலுத்தப்படட்டும்.

பதிவேடுகளைப் பற்றி நான் பிடிவாதமாக இருப்பேன். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் 1965 மார்ச் 12-க்குப் பின் வேலை செய்து சிலிக்கோசிஸ் அல்லது காசநோய்க்கு ஆளானவர்களுக்கான இழப்பீட்டு உடன்பாட்டை நீதிமன்றம் 2019-இல்தான் ஏற்றது. அவ்வளவு காலம் கழித்துத் தன் நோயையும் வேலையையும் நிறுவ வேண்டிய முதியவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஆகவே மார்பு எக்ஸ்ரேயின் ஒரு பிரதி தொழிலாளியின் கையிலும், இன்னொன்று அரசுக் காப்பகத்திலும் இருக்கட்டும். நிறுவனம் சம்பளம் தராத மருத்துவர் ஒருவரும் அதைப் படித்துப் பார்க்க வேண்டும். முடிவு வேலையைப் பறிக்கும் என்ற அச்சம் இருந்தால் யாரும் பரிசோதனைக்கு வரமாட்டார்கள். நோய் கண்டவருக்கு ஊதியம் குறையாமல் தூசியில்லா மாற்றுப் பணி உண்டு என்பதை ஒப்பந்தமே உறுதி செய்யட்டும்.

இறுதியாக, ஒப்படைப்பை ஆண்டுதோறும் ஒத்திகை பாருங்கள். ஒரு மாதம் நிறுவனத்தின் பணம், மருந்து, ஆள் எதுவும் இல்லாமல் அரசு மட்டுமே மருத்துவமனையை நடத்தட்டும்; அவசரத்துக்கு மட்டும் நிறுவனம் ஆயத்தமாக இருந்தால் போதும். அந்த மாதத்தில் எந்த மருந்து தீர்ந்தது, எந்தப் பணியிடம் காலியாக நின்றது, எந்த இரவில் வாகனம் வரவில்லை என்பதைக் குறித்துவைத்து, அந்தப் பட்டியலை அப்படியே அடுத்த ஆண்டின் அரசு நிதி ஒதுக்கீட்டுக் கோரிக்கையாக அனுப்புங்கள்.