விடியற்காலை 5.15: ஆண்களுக்கான உடற்பயிற்சி, ஜெபக் குழுவைத் தொடங்குவது எப்படி?

எங்கள் ஆலயத்தில் ஆண்கள் ஐக்கியம் என்றால், நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒருவர் பேசுவதைக் கேட்டுவிட்டு, டீயும் வடையும் முடித்துக் கிளம்புவதுதான் வழக்கம். பத்து வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்த அண்ணனுக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது. அவருக்கும் என்னைப் பற்றி அவ்வளவுதான் தெரியும். இப்போது பாளையங்கோட்டையில் நாங்கள் சில ஆண்கள் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் விடியற்காலையில் கூடி, வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்து, கடைசியில் வட்டமாக நின்று ஜெபித்துவிட்டுப் போகிறோம். உட்கார்ந்தபோது வராத பேச்சு, சேர்ந்து மூச்சு வாங்கிய பிறகு தானாக வருகிறது. உங்கள் ஊரில் இதைத் தொடங்க ஆசையிருந்தால், நாங்கள் செய்து பார்த்த வழியை அப்படியே சொல்கிறேன்.

எங்கிருந்து எடுத்தோம்

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரில் 2011 ஜனவரி 1 அன்று டேவிட் ரெடிங், டிம் விட்மயர் என்ற இருவர் ‘எஃப்3’ என்ற ஆண்கள் குழுவைத் தொடங்கினார்கள். உடற்பயிற்சி, நட்புறவு, விசுவாசம் என்பதற்கான மூன்று ஆங்கிலச் சொற்களும் அந்த எழுத்தில்தான் தொடங்குகின்றன. ஐந்து விதிகள் வைத்திருக்கிறார்கள். கட்டணம் கிடையாது. எந்த ஆணும் வரலாம். மழையோ குளிரோ, வெட்டவெளியில்தான் பயிற்சி. வருகிறவர்களே முறை வைத்து நடத்த வேண்டும், அதற்குச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை. முடிவில் வட்டமாக நிற்க வேண்டும். அவர்கள் விசுவாசத்தை ஒரே மதத்துக்குள் அடைப்பதில்லை. நாங்கள் ஆலயத்துக்காரர்கள் என்பதால் வேதவசனமும் ஜெபமும் வைத்துக்கொண்டோம். புதிதாக வருகிறவருக்கு அங்கே ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள். அதை மட்டும் விட்டுவிட்டோம். நம் ஊரில் பட்டப்பெயர் எந்த இடத்தில் குத்தும் என்று சொல்ல முடியாது. அண்ணே, தம்பி போதும்.

முதல் படி: இரண்டு பேர், ஒரு இடம், ஒரு நேரம்

ஆலயத்தில் அறிவிப்புக் கொடுத்துத் தொடங்காதீர்கள். கை தூக்குகிறவர்கள் முப்பது பேர் இருப்பார்கள், விடியற்காலையில் வருகிறவர்கள் மூன்று பேர்தான். நிச்சயமாக வருவார் என்று நீங்கள் நம்பும் இரண்டு பேரிடம் நேரில் போய்ப் பேசுங்கள்.

இடத்துக்கு ஆலய வளாகம் நல்லது. குருவானவரிடமும் கமிட்டியிடமும் முன்கூட்டியே அனுமதி வாங்கி, கேட் சாவி யார் கையில் இருக்கும் என்பதையும் பேசி முடித்துவிடுங்கள். பள்ளி மைதானம் என்றால் தெருநாய் இருக்கிறதா, விளக்கு எரிகிறதா, தரையில் பள்ளம் எங்கே என்று ஒருநாள் அந்த நேரத்திலேயே போய்ப் பாருங்கள். பகலில் பார்த்த மைதானம் வேறு, இருட்டில் கால் வைக்கும் மைதானம் வேறு.

நேரம் 5.15 முதல் 6.00 வரை. இதற்குக் காரணம் வீடுதான். ஆறேகாலுக்கு நீங்கள் திரும்பாவிட்டால், சமையலும் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்புவதும் மொத்தமாக மனைவி தலையில் விழும். அப்படி நடந்தால் இந்தக் குழு ஒரு மாதம் தாண்டாது, தாண்டவும் கூடாது.

இரண்டாம் படி: ஒரு வசனத்துக்குப் பதில்

யாராவது ஒரு பெரியவர் கட்டாயம் கேட்பார்: “சரீரமுயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது என்று வேதம் சொல்கிறதே, தம்பி?” முதலாம் தீமோத்தேயு 4:8. மரியாதையாகப் பதில் சொல்லுங்கள். அற்பம் என்றால் கொஞ்சம், ஒன்றுமில்லை என்று பவுல் எழுதவில்லை. தேவபக்தி எல்லாவற்றிலும் பிரயோஜனமுள்ளது என்று அதே வசனம் தொடர்கிறது. அதனால்தான் நாங்கள் இரண்டையும் சேர்த்தே செய்கிறோம்.

சபைக்கு இது புதிதும் அல்ல. 1844-ல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற துணிக்கடைப் பணியாளர் சக வேலைக்காரர்களோடு ஜெபத்துக்காகத் தொடங்கியதுதான் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ வாலிபர் சங்கம். அதன் சிவப்பு முக்கோணத்தின் மூன்று பக்கங்கள் ஆவி, மனம், சரீரம். கூடைப்பந்து 1891-ல் பிறந்ததும் அவர்களுடைய பயிற்சிப் பள்ளியில்தான். சென்னையில் 1920-ல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நம் ஊர்ப் பி.டி. வாத்தியார்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

மூன்றாம் படி: உடம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்

நாற்பது தாண்டியவர்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைப் பார்த்த பிறகே வர வேண்டும். இதில் தாட்சண்யம் பார்க்காதீர்கள். இன்சுலின் போடுகிறவரும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவரும் வெறும் வயிற்றில் வரலாமா என்பதை டாக்டரிடமே கேட்கட்டும். அவர்கள் சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். ஒருவருக்குக் கை நடுங்கி, குளிர்ந்து வியர்த்து, பேச்சு குழறினால் பயிற்சியை நிறுத்தி, சுயநினைவோடு இருக்கும்போதே அதைக் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். நெஞ்சை அழுத்துகிறது, இடது கை வலிக்கிறது என்றால் வாயுவாக இருக்கும் என்று யாரும் சொல்ல வேண்டாம். உடனே 108.

உடைக்குப் பழைய டீ-ஷர்ட், டிராயர், கேன்வாஸ் ஷூ. கூடவே ஒரு துண்டு, ஒரு பாட்டில் தண்ணீர். லுங்கியோடு வந்தால் பஸ்கி போட முடியாது.

நான்காம் படி: நாற்பத்தைந்து நிமிடத்தை எப்படிப் பிரிப்பது

5.15 என்றால் 5.15. இரண்டு பேர் இருந்தாலும் தொடங்கிவிடுங்கள். முதலில் ஐந்து நிமிடம் உடம்பைச் சூடாக்குங்கள்: நின்ற இடத்தில் நடை, தோள் சுழற்றல், இடுப்பு வளைத்தல், கை கால்களை விரித்துச் சேர்த்துக் குதிக்கும் ஜம்பிங் ஜாக் மெதுவாகப் பத்து.

அப்புறம் இருபத்தைந்து நிமிடம் முக்கியப் பயிற்சி. முதல் இரண்டு வாரத்துக்கு இது போதும்: பஸ்கி பத்து, தண்டால் ஐந்து, பிளாங்க் (முழங்கையும் கால்விரலும் ஊன்றி உடம்பை நேராக நிறுத்துவது) இருபது விநாடி, வளாகத்தை ஒரு சுற்று நடை அல்லது மெல்லோட்டம், ஒரு நிமிட ஓய்வு. இதையே மூன்று முறை, முடிந்தவர்கள் நான்கு முறை. தண்டால் வராதவர் முழங்கால் ஊன்றிச் செய்யலாம். அதுவும் முடியாவிட்டால் காம்பவுண்டு சுவரில் கை ஊன்றிச் செய்யட்டும். பஸ்கியில் முட்டி வலித்தால் திண்ணை உயரத்துக்கு உட்கார்ந்து எழுந்தால் போதும்.

இந்த அளவை நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் முதல் நாளில் ஒன்பது பேர் வந்தார்கள். உற்சாகத்தில் நூறு பஸ்கி போட வைத்துவிட்டேன். மறுநாள் அவர்களால் படி இறங்க முடியவில்லை. அடுத்த பயிற்சிக்கு இரண்டு பேர்தான் வந்தார்கள். மற்ற ஏழு பேர் வீட்டுக்கும் போய் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப அழைத்துவர ஒரு மாதம் பிடித்தது.

எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. நடத்துகிறவர் “ஒன்று, இரண்டு, மூன்று” என்று அசைவுகளைச் சொல்ல, நான்காவது அசைவில் மற்றவர்கள் எத்தனையாவது முறை என்பதைச் சொல்ல வேண்டும். எல்லாரும் ஒரே தாளத்தில் வந்துவிடுவார்கள், தனியாக ஒருவர் பின்தங்க மாட்டார். ஆனால் குரல் அடக்கமாக இருக்கட்டும், அடுத்த வீட்டில் கைக்குழந்தை தூங்கும்.

பிறகு ஐந்து நிமிடம் மூச்சை நிதானப்படுத்தி, தொடையையும் முதுகையும் நீட்டித் தளர்த்துங்கள். கடைசிப் பத்து நிமிடம் வட்டம்.

ஐந்தாம் படி: கடைசி ஆள்

எனக்கு இந்தக் குழுவில் எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். ஓட்டத்தில் முதலில் முடித்தவர் இடுப்பில் கை வைத்து நிற்கக் கூடாது. திரும்பி ஓடி, கடைசியாக வருகிறவரோடு சேர்ந்து மறுபடி வர வேண்டும். அமெரிக்கப் படையினர் திசையைக் கடிகாரமாகச் சொல்வார்கள். முன்னால் இருப்பது பன்னிரண்டு, முதுகுப் பக்கம் ஆறு. எஃப்3 குழுக்களில் கடைசி ஆளையும் ‘ஆறு’ என்றே அழைக்கிறார்கள்.

இப்படிச் செய்யும்போது வேகமாக ஓடுகிறவருக்கு இரண்டு மடங்கு பயிற்சி கிடைக்கிறது. தொப்பையோடு தள்ளாடி வருகிறவர் தனியாக வருவதில்லை. திரும்பிப் போகிறவர் ஒன்றும் சொல்ல வேண்டாம், பக்கத்தில் கூட நடந்தால் போதும். மாதம் ஒருமுறை மணல் மூட்டையை இருவர் இருவராகத் தூக்கி ஒரு சுற்று வருவோம். அன்றைய வட்டத்தில் கலாத்தியர் 6:2: “ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து…” தோள் எரிந்துகொண்டிருக்கும்போது அந்த வசனத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை.

ஆறாம் படி: வட்டம்

முதலில் ஒவ்வொருவரும் பெயர் சொல்ல வேண்டும், பழகியவர்களும்தான். அப்புறம் ஒரே ஒரு வசனம், இரண்டு நிமிடத்துக்குள் ஒரு பகிர்வு. பிரசங்கம் வேண்டாம். அதற்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. பிறகு யாருக்காவது ஜெபம் வேண்டுமா என்று கேட்டுவிட்டு அமைதியாக நில்லுங்கள். அந்த மௌனத்தை நிரப்ப அவசரப்படாதீர்கள்.

எங்கள் குழுவில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, தண்டால் போட்ட உள்ளங்கையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: “என் மகன் என்னோட பேசி ஆறு மாசம் ஆச்சு.” மணல் போன பிறகும் கையைத் தட்டிக்கொண்டே இருந்தார். யாரும் அறிவுரை சொல்லவில்லை. ஒருவர் அவர் தோளில் கை வைத்து இரண்டே வரியில் ஜெபித்தார். இன்னொருவர் பைக் வரை கூட நடந்து போனார்.

அதனால் வட்டத்துக்கு இரண்டு சட்டங்கள். கேட்காமல் புத்திமதி சொல்லக் கூடாது. வட்டத்தில் கேட்டது வெளியே போகக் கூடாது. மனைவியிடமும் கூடாது, வாட்ஸப் குழுவில் ‘ஜெபக் குறிப்பு’ என்ற பெயரிலும் கூடாது. நம் சபைகளில் ஒருவர் வீட்டு விஷயம் ஊருக்குப் போவது பெரும்பாலும் அந்தப் பெயரில்தான். ஒருமுறை நடந்தால் போதும், அப்புறம் ஆண்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

கிறிஸ்தவரல்லாத நண்பர் வந்தால் மகிழ்ச்சியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஜெபம் உண்டு, நிற்கலாம், கிளம்பலாம் என்று அழைக்கும்போதே சொல்லிவிடுங்கள். பிறகு தெரியவந்தால் ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்.

ஏழாம் படி: மழையும் கத்திரியும்

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மண்டபத்து வராந்தா போதும். இடி இடித்தால் வீட்டிலேயே இருங்கள். கத்திரி வெயில் நாட்களில் விடியற்காலையிலும் புழுங்கும், சுற்றுகளைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுங்கள். முடிந்தபின் கருப்பட்டி போட்ட சுக்குக்காபி ஒரு பிளாஸ்க் இருந்தால் இன்னும் நல்லது, சர்க்கரை உள்ளவர்களுக்கு மட்டும் கருப்பட்டி இல்லாமல்.

எட்டாம் படி: சாவியைக் கொடுங்கள்

ஆறு வாரம் நீங்கள் நடத்தினால் போதும். ஏழாவது வாரம் இன்னொருவர் நடத்தட்டும். பயிற்சியை ஒரு துண்டுத்தாளில் எழுதி வரச் சொல்லுங்கள். முதல் முறை நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள், திருத்தாதீர்கள். சுவரில் கை ஊன்றித் தண்டால் தொடங்கிய எங்கள் அண்ணன் ஒருவர் நான்காவது மாதம் நடத்தினார். தாளைப் படிக்கக் கண்ணாடியை மறந்துவிட்டு வந்ததால், மொபைல் வெளிச்சத்தில் தூரப் பிடித்துப் படித்தார். அன்று முதல் திங்கட்கிழமை கேட்டைத் திறப்பது அவர்தான். 5.05-க்கே வந்து நிற்கிறார்.